முட்டையும் மூச்சும்: ஒரு படலத்தின் கதை

நாமக்கல் என்றாலே முட்டைதான். ஆஞ்சநேயர் கோவில், மலைக்கோட்டை, லாரி பாடி கட்டும் பட்டறைகள் எல்லாம் இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது முட்டை விலையைத்தான். 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலை பேப்பரில் வருகிறது. அதைப் பார்க்காத வியாபாரி இங்கே கிடையாது.

இந்தக் கட்டுரை விலையைப் பற்றியது இல்லை. மஞ்சள் கருவுக்குள் இருக்கும் ஒரு பொருளைப் பற்றியது. 1846-ல் தியோடோர் நிக்கோலா கோப்லி என்ற பாரிஸ் மருந்தாளுநர், மஞ்சள் கருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்த ஒரு கொழுப்பைப் பிரித்தெடுத்தார். 1850-ல் அதற்கு 'லெசித்தின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் மஞ்சள் கருவுக்கு 'லெகிதோஸ்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. இன்று பாஸ்போலிப்பிட் என்று நாம் சொல்லும் பெரிய குடும்பத்துக்குக் கதவு திறந்தது ஒரு முட்டையில்தான்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் உங்கள் நுரையீரலுக்குள்ளும் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இந்த வரியைப் படிக்கும்போது நீங்கள் விடும் மூச்சு பெரும் போராட்டமாகிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பிறந்த ஓரிரு நாளில் மூச்சுத் திணறி இறந்துபோவது ஏன் என்பதற்கான விடையும் அவரிடம்தான் இருந்தது. அந்த விடை தெரிந்தது 1959-ல். விடைக்குத் தேவையான துண்டுகளில் முக்கியமானவை 1929-லேயே கையில் இருந்தன. நடுவில் 30 வருடம் என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

தண்ணீருக்கு மேல் ஒரு பாலன்ஸ் ஷீட்

முதலில் கொஞ்சம் அடிப்படை. நான் காமர்ஸ் மாணவன், எனவே எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். மழைத்துளி உருண்டையாக இருப்பதும், பூச்சி தண்ணீர் மேல் நடப்பதும் இதனால்தான். இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். 25 டிகிரியில் சுத்தமான தண்ணீருக்கு இது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்.

இப்போது பாஸ்போலிப்பிட் மூலக்கூறைக் கற்பனை செய்யுங்கள். ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். கொழுப்பாலான வால்களுக்குத் தண்ணீர் ஆகாது. இதைத் தண்ணீர் மேல் விட்டால் தலை தண்ணீரில் முங்கியும் வால்கள் காற்றில் நீட்டியும் நிற்கும். எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில் ஒரு படலம் உண்டாகும். இதுதான் ஓரடுக்குப் படலம்.

இந்தப் படலத்தை ஓரத்திலிருந்து தள்ளிச் சுருக்கினால் மூலக்கூறுகள் நெருங்கி எதிர்த்துத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பரப்பு அழுத்தம். தண்ணீர் இழுக்கிறது, படலம் தள்ளுகிறது. படலம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இழுவிசை குறையும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 72 வரும். பாலன்ஸ் ஷீட் மாதிரி! பரப்பு அழுத்தம் 45 என்றால் மிச்ச இழுவிசை 27. அழுத்தம் 70 என்றால் மிச்சம் வெறும் 2. இந்த 27-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் ஒன்றரை கிராம் பாஸ்போலிப்பிட் இருக்கிறது. ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் 0.6 சதுர நானோமீட்டர் என்று வைத்து அதை முழுக்க ஓரடுக்காகப் பரப்பினால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். நம்ம ஊர்க் கணக்கில் 17 சென்ட் நிலம். ஒரு முட்டைக்குள்!

சூடமும் எண்ணெயும்

சூடத் துண்டைத் தண்ணீரில் போட்டால் அது தானாகவே அங்குமிங்கும் ஓடுவதைச் சின்ன வயதில் பலரும் பார்த்திருப்போம். தண்ணீரில் லேசாக எண்ணெய்க் கை பட்டுவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். இந்த விளையாட்டை ஆங்கிலேய விஞ்ஞானி லார்ட் ராலே 1890-ல் அளவீடாக மாற்றினார். சூடத்தின் ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் தேவை என்று பார்த்துப் படலத்தின் கனத்தைக் கணக்கிட்டார். 1.6 நானோமீட்டர் வந்தது. அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆறு லட்சம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு.

அவருக்கு நூறு வருடத்துக்கும் முன்பே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெயை ஊற்றி, ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பு கண்ணாடி மாதிரி அமைதியாவதைப் பார்த்து 1774-ல் எழுதியிருந்தார். ஊற்றிய எண்ணெயின் அளவைப் பரப்பால் வகுத்திருந்தால் மூலக்கூறின் அளவு என்னவென்று ஒரு மதிப்பீடு அன்றே கிடைத்திருக்கும். அவர் வகுக்கவில்லை. இந்தக் கதையில் இப்படி வகுக்காமல் விட்ட கணக்குகள் இன்னும் வரும்.

சமையலறையில் ஒரு ஆராய்ச்சிக்கூடம்

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண் இருந்தார். 1862-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க மாட்டார்கள். நோயாளிப் பெற்றோரைக் கவனித்துக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

1880-களின் தொடக்கத்தில், இருபது வயதை ஒட்டி, அவரே ஒரு கருவி செய்தார். 70 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழமுள்ள ஒரு தகரத் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். தண்ணீர்ப் பரப்பை இரண்டாகப் பிரிக்கக் குறுக்கே ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் ஒரு பக்கப் பரப்பு சுருங்கும், மறுபக்கம் விரியும். தராசிலிருந்து தொங்கும் ஒரு சின்னப் பொத்தானைத் தண்ணீரிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்து இழுவிசையை அளந்தார். இன்று இந்த ஆய்வு நடக்கும் எந்தக் கூடத்திலும் இருக்கும் கருவி, அடிப்படையில், இந்தத் தகரத் தொட்டிதான்.

பரப்பை எவ்வளவு சுருக்கினாலும் ஓர் எல்லைவரை இழுவிசை மாறவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் சட்டென்று குறைந்தது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட ஆரம்பிக்கும் இடம் அது.

கேட்க ஆளில்லாமல் இருந்த பொக்கல்ஸ், 1891 ஜனவரியில் லார்ட் ராலேவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது வயது 28. ராலேவின் மனைவி அதை மொழிபெயர்த்துக் கொடுத்தார். ராலே நினைத்திருந்தால் படித்துவிட்டு மூலையில் போட்டிருக்கலாம். அவரோ ஒரு சிபாரிசுக் குறிப்புடன் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். 1891 மார்ச் 12 இதழில் வந்துவிட்டது. பட்டம் இல்லாத, பதவி இல்லாத ஒரு பெண்ணின் சமையலறைக் கணக்கு, உலகின் முக்கியமான அறிவியல் இதழில்! அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது 1932-ல், எழுபதாவது வயதில்.

பஸ்ஸில் கூட்டம் ஏறுகிற மாதிரி

பொக்கல்ஸின் தொட்டியைச் செப்பனிட்டு அழுத்தத்தை நேரடியாக அளக்கும்படி செய்தவர் அமெரிக்காவின் இர்விங் லாங்மியர். வேலை பார்த்த இடம் ஜெனரல் எலெக்ட்ரிக், பல்பு செய்யும் கம்பெனி. அவருடைய 1917 கட்டுரையில் ஒரு அழகான முடிவு இருக்கிறது. கொழுப்பு அமிலங்களின் வால் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும், நெருக்கிய படலத்தில் ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் அவை படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து நிற்கின்றன! 1932-ல் பரப்பு வேதியியலுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அழுத்தம் ஏற ஏறப் படலம் எப்படி மாறும்? திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வரும் காலை நேரப் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது நாலே பேர், ஆளுக்கொரு மூலை. யாரும் யாரையும் தொடுவதில்லை. படலத்தில் இது வாயு நிலை. அழுத்தம் கிட்டத்தட்ட சுழியம். அடுத்த ஸ்டாப்பில் ஆள் ஏறுகிறார்கள், தோள் உரசுகிறது, ஆனாலும் பையை முன்னால் வைத்துக்கொண்டு கொஞ்சம் திரும்பி நிற்கலாம். இது விரிந்த திரவ நிலை. பிறகு கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ" என்று தள்ளுகிறார். எல்லோரும் கையை ஒடுக்கி நேராக நிற்கிறார்கள். இது செறிந்த நிலை. இங்கே கொஞ்சம் தள்ளினாலும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். அதற்கும் மேல் தள்ளினால்? யாராவது ஒருவர் படிக்கட்டுக்கு வந்துவிடுவார். படலத்திலும் இப்படித்தான், மூலக்கூறுகள் வரிசையிலிருந்து பிதுங்கி வெளியேறும். இதைச் சிதைவு என்கிறார்கள். சிதையும் முன் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதுதான் ஒரு படலத்தின் தகுதி.

அந்தத் தகுதியை முடிவு செய்வது பெரும்பாலும் வால்கள். முட்டை லெசித்தினில் பொதுவாக இரண்டு வாலில் ஒன்று நடுவில் வளைந்திருக்கும். அங்கே ஒரு இரட்டைப் பிணைப்பு இருப்பதே காரணம். முழங்கையை விரித்துக்கொண்டு நிற்கும் பயணி மாதிரி. எவ்வளவு தள்ளினாலும் கச்சிதமாக அடுக்க முடியாது. 45-ஐ ஒட்டிய அழுத்தத்தில் படலம் சிதைந்துவிடும். நுரையீரலில் முக்கியமாக இருக்கும் டைபால்மிட்டாயில் பாஸ்படிடைல்கோலினுக்குத் தலை அதேதான், ஆனால் இரண்டு வாலும் நேர். (பெயர் ரொம்ப நீளம், இனி டி.பி.பி.சி.) அது 70 வரை தாங்கும்.

மேலே சொன்ன 27-ம் 2-ம் இங்கேதான் வருகின்றன. வளைந்த வால் என்றால் இழுவிசை மிச்சம் 27. நேரான வால் என்றால் 2.

குழந்தை மருத்துவரின் தொட்டி

1925-ல் ஹாலந்தின் லெய்டனில் கோர்ட்டர், கிரென்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து லாங்மியர் தொட்டியில் பரப்பினார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடம் பிடித்தது. எனவே செல்லின் தோல் இரண்டு அடுக்குக் கொழுப்பு என்றார்கள். கொழுப்பை முழுசாகப் பிரிக்காததும், அணுக்களின் பரப்பைக் குறைத்து மதிப்பிட்டதும் ஆக இரண்டு பிழைகள் அதில் இருந்தன. ஒன்றையொன்று அடித்துவிட்டு விடை சரியாக வந்தது. பேரேட்டில் இரண்டு பக்கமும் ஒரே தொகையை விட்டுவிட்டால் டோட்டல் டேலி ஆகுமே, அதே கதை :-)

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. கோர்ட்டர் ஒரு குழந்தை மருத்துவர். பரப்பு அழுத்தம் அளக்கும் தொட்டி 1925-ல் ஒரு குழந்தை மருத்துவரின் கையில் இருந்தது.

1929: யாரும் படிக்காத கட்டுரை

நான்கு வருடம் கழித்து சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய குர்ட் ஃபோன் நீர்கார்ட் என்ற மருத்துவர் ஒரு எளிய சோதனை செய்தார். பன்றியின் நுரையீரலை முதலில் காற்றால் ஊதினார், பிறகு திரவத்தால் நிரப்பினார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு திரவம் நிறைந்த நுரையீரலில் கிடையாது. எனவே இழுவிசையும் கிடையாது. ஆக நுரையீரல் சுருங்கப் பார்ப்பதில் பெரும்பங்கு மீள்திசுவுடையது என்று நினைத்தது தவறு, அது பரப்பு இழுவிசையின் வேலை.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயம்? நம் நுரையீரலில் 30 முதல் 50 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஈரமான ஒரு குமிழி. குமிழி சின்னதாகச் சின்னதாக உள்ளழுத்தம் அதிகம் வேண்டும் என்பது லாப்லாஸ் விதி. 50 மைக்ரான் ஆரமுள்ள குமிழியில் வெறும் தண்ணீர் பூசியிருந்தால் அது மூடிக்கொள்ளாமல் இருக்க 28 செ.மீ. நீர் அழுத்தம் தேவை. சாதாரணமாக மூச்சிழுக்கும்போது நாம் உண்டாக்கும் அழுத்த மாற்றம் சில செ.மீ. மட்டுமே. கணக்கு இடிக்கிறது. நுண்ணறைகளில் இருப்பது வெறும் தண்ணீராக இருக்க முடியாது.

நீர்கார்ட் நுரையீரல் சாற்றின் இழுவிசையை அளந்து, அது தண்ணீரைவிடக் குறைவு என்றும் கண்டார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சில் இது முக்கியமாக இருக்கலாம், ஆராய வேண்டும் என்றும் எழுதினார். கட்டுரை ஜெர்மன் மருத்துவ இதழில் வந்தது. அப்படியே உறங்கிவிட்டது.

ஒரு நிமிடம் நின்று கணக்குப் பார்ப்போம். 1929-ல் என்னென்ன இருந்தன? பரப்பைச் சுருக்கி அளக்கும் தொட்டி இருந்தது. பாஸ்போலிப்பிட் இருந்தது. இரண்டையும் சேர்த்த குழந்தை மருத்துவர் ஒருவர் இருந்தார். நுரையீரலில் ஏதோ ஒன்று இழுவிசையைக் குறைக்கிறது என்ற சான்றும் இருந்தது. நுரையீரல் சாற்றைத் தொட்டியில் விட்டுப் பரப்பைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அது நடக்க 28 வருடம் ஆனது.

விஷவாயுவிலிருந்து வந்த விடை

1950-களில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் விஷவாயுவால் நுரையீரலில் நீர் கோத்து வரும் நுரையை ஆராய்ந்தார். அந்த நுரையின் குமிழிகள் உடையவே இல்லை. நுரை அடக்கும் மருந்துக்கும் மசியவில்லை. சின்னக் குமிழி இவ்வளவு நேரம் நிற்க வேண்டுமென்றால் அதன் இழுவிசை சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று 1955-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அமெரிக்காவில் எட்ஜ்வுட் ராணுவ வேதியியல் மையத்தில் ஜான் கிளெமென்ட்ஸ் இதைப் பிடித்துக்கொண்டார். பரப்பை விரித்தும் சுருக்கியும் அளக்கக்கூடிய ஒரு தொட்டியைத் தானே அமைத்து, நுரையீரல் சாற்றின் படலத்தை அதில் விட்டார். பரப்பு விரிந்திருக்கும்போது இழுவிசை 45-ஐ ஒட்டி இருந்தது. சுருக்கச் சுருக்க 10 வரை இறங்கியது. 1957-ல் கட்டுரை வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மூச்சின் ரகசியம் இருக்கிறது. மூச்சை விடும்போது நுண்ணறை சுருங்குகிறது. லாப்லாஸ் விதிப்படி சுருங்கும் குமிழி இன்னும் வேகமாக மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் சுருங்கும்போதே படலமும் நெருங்குகிறது, பரப்பு அழுத்தம் ஏறுகிறது, இழுவிசை விழுகிறது. குமிழி மூடாமல் நின்றுவிடுகிறது. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை, நமக்குத் தெரியாமலே, பொக்கல்ஸின் தகரப் பட்டை நம் நெஞ்சுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

கதவைத் தட்டியவர்

மேரி எல்லன் ஆவரி குழந்தை மருத்துவர். மருத்துவப் படிப்பு முடித்த கையோடு காசநோய் வந்து படுத்தவர். நுரையீரல் மேல் ஆர்வம் வந்தது அப்போதுதான். பாஸ்டனில் ஆராய்ச்சி செய்தபோது, குறைமாதத்தில் பிறந்து இறந்த குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லாததைக் கவனித்தார். அப்போது இந்த நோய்க்கு 'ஹையலின் மெம்பரேன் நோய்' என்று பெயர். நுண்ணறைகளில் படியும் சவ்வுதான் மூச்சை அடைக்கிறது என்று நினைத்தார்கள்.

ஆவரி கிளெமென்ட்ஸின் ஆய்வகத்துக்கே நேரில் போய்த் தொட்டியின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஜியர் மீட் என்பவருடன் சேர்ந்து, இந்த நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரல் சாற்றையும் வேறு காரணங்களால் இறந்தவர்களின் சாற்றையும் ஒப்பிட்டு அளந்தார். நோயால் இறந்த குழந்தைகளின் படலத்தை எவ்வளவு சுருக்கினாலும் இழுவிசை போதிய அளவு இறங்கவில்லை. 1959-ல் வெளியிட்டார்கள். பிரச்சினை கூடுதலாகப் படிந்த சவ்வில் இல்லை. இருக்க வேண்டிய படலம் இன்னும் உருவாகவில்லை. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சிசுவின் நுரையீரல் அந்தப் பொருளைப் போதுமான அளவு சுரக்கிறது. அந்தப் பொருளின் பெயர் சர்ஃபாக்டன்ட். அதன் முக்கிய அங்கம் டி.பி.பி.சி. என்று 1961-ல் தெரிந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்ட் 7-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பேட்ரிக் என்று பெயர். எடை சுமார் 2.1 கிலோ. உலகின் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் 39 மணி நேரத்தில் இறந்துபோனது. உலகத்திலேயே அதிகாரம் மிக்க அப்பாவிடம் அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்ட துளிப் பொருள் இல்லை.

மருந்துக்கு இன்னும் 17 வருடம்

டி.பி.பி.சி.யைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் போதாதா? 1960-களில் அதைத்தான் தெளித்துப் பார்த்தார்கள். வேலை செய்யவில்லை. காரணம் மறுபடியும் வால்கள்! நேரான வால்கள் கச்சிதமாக அடுக்கிக்கொள்வதால்தான் 70 தாங்குகிறது. அதே கச்சிதத்தால் 41 டிகிரிக்குக் கீழே டி.பி.பி.சி. தண்ணீரில் இறுகிக் கிடக்கும். நம் உடம்பு 37 டிகிரி. அது பரப்புக்கு வந்து பரவுவதற்குள் குழந்தையின் மூச்சு நின்றுவிடும். இயற்கை இதற்கு வளைந்த வால் பாஸ்போலிப்பிட்களையும் சில புரதங்களையும் கலந்து வைத்திருக்கிறது. பரவுவதற்கு வளைந்தவை, தாங்குவதற்கு நேரானவை.

1972-ல் ஸ்வீடனில் என்ஹார்னிங், ராபர்ட்சன் இருவரும் குறைமாத முயல்குட்டிகளுக்கு இயற்கை சர்ஃபாக்டன்டைக் கொடுத்து வெற்றி கண்டார்கள். 1980-ல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திய முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். மூச்சு சீரானது. 1990-ல் அமெரிக்கா அனுமதித்த 'எக்ஸோசர்ஃப்' கிளெமென்ட்ஸே வடிவமைத்த செயற்கைக் கலவை.

நம்ம முட்டையும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனின் அலெக் பாங்கம், காலின் மார்லி குழு செய்த 'அலெக்' என்ற மருந்தில் 10-ல் 7 பங்கு டி.பி.பி.சி., 3 பங்கு முட்டை லெசித்தினிலிருந்து மாற்றிச் செய்த பாஸ்படிடைல்கிளிசரால். பரவ உதவுவது முட்டையின் வேலை. 1987-ல் பத்து மருத்துவமனைகளில் நடந்த சோதனையில் அது குழந்தைகளின் இறப்பைக் குறைத்தது. ஆனால் 2000-ல் பன்றி நுரையீரல் மருந்துடன் ஒப்பிட்டபோது அலெக் கொடுத்த பக்கத்தில் இறப்பு அதிகமாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதில் புரதம் கிடையாது. நுரையீரலில் தோற்றாலும் முட்டைக்கு வேறு வேலை கிடைத்தது: வாயால் சாப்பிட முடியாத குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் கொழுப்புக் கரைசலில் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைப்பது முட்டை பாஸ்போலிப்பிட்தான்.

நம் பக்கக் கணக்கு

2020-ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகிலேயே மிக அதிகம். சர்ஃபாக்டன்ட் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது மாட்டு, பன்றி நுரையீரலிலிருந்து வருவது; விலை அதிகம்; குளிரில் வைக்க வேண்டும்; கொடுக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டு முயற்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் ரிந்தி பானர்ஜி, ஜெயேஷ் பெல்லாரே ஆகியோர் பாஸ்போலிப்பிட்டுடன் கிராம்பு எண்ணெயையும் யூகலிப்டஸ் எண்ணெயையும் (நம்ம நீலகிரித் தைலம்தான்) கலந்து, அந்தப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்து 2001-ல் வெளியிட்டார்கள். எக்ஸோசர்ஃப், அலெக் போன்றவற்றோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஆய்வகத்தில் செய்த சோதனைதான், மருந்தாக வரவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி: நேரான வாலைப் பரவ வைக்க விலை குறைந்த, கையெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள் ஏதாவது உண்டா?

விலை குறைந்த வழி இன்னொன்றும் இருக்கிறது. குறைப்பிரசவம் ஆகும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் தானே வேகமாகப் பக்குவப்படும் என்று 1972-ல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி காட்டினார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான பெரிய சோதனை, நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இந்த ஊசி பச்சிளம் குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்று உறுதி செய்தது. டெக்சாமெத்தசோன் என்ற அந்த மருந்து மிக மலிவானது. ஊசி போட்டு அது வேலை செய்ய நேரம் வேண்டும். அதற்குத் தாய் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இதைப் படித்து முடித்தபோது என் மனதில் நின்றது அந்த 30 வருடம்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. லாங்மியர் பல்பு கம்பெனியில் இருந்தார், கோர்ட்டர் ரத்தத்தைப் பார்த்தார், நீர்கார்ட் ஜெர்மனில் எழுதினார், பேட்டில் விஷவாயுவைப் பார்த்தார். ஒவ்வொருவர் பேரேடும் சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொண்டுவர ஒருவர் நேரில் போய் அடுத்தவர் ஆய்வகத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. ராலே ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்ததால் இந்தக் கதை தொடங்கியது. நீர்கார்டின் கட்டுரையை யாரும் பிரித்துப் படிக்காததால் நின்றது. நடுவில் பிறந்து திணறிய குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

உங்கள் வீட்டில், தெருவில், "எட்டு மாசத்துல பொறந்தான், பொழச்சதே பெருசு" என்று யாரையாவது சொல்வார்கள். அடுத்த முறை கேட்கும்போது பிரவுன்ஷ்வைக் சமையலறையில் தகரத் தொட்டி முன்னால் நின்ற அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: நீலகிரித் தைலம் பற்றிப் படித்துவிட்டு யாரும் கைக்குழந்தையின் மூக்கில் தடவிவிடாதீர்கள். அது குழந்தைக்கு ஆபத்து. மேலே சொன்னது ஆய்வகத் தொட்டியில் நடந்த சோதனை மட்டுமே.